ஜப்பானியக் காதலுக்கு நடுவில் ஆங்கிலம் எதற்கு?

பள்ளிக்கூட மொட்டைமாடி, சாயங்கால வெயில், சீருடையில் ஒரு பெண். திரையின் அடியில் மூன்று வரி கொள்ளும் ஒரு பெட்டி. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடி வந்து நிற்கின்றன. பொத்தானைத் தட்டினால்தான் அடுத்த வரி வரும். கதாநாயகன் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறான்: ‘சுக்கி தா தொ இத்தெ ஷிமத்தா.’ ஜப்பானியக் காதல் கதை விளையாட்டுகளில் இந்த மாதிரி ஒரு வரி வராதது அபூர்வம். இதை ஆங்கிலத்தில் சொல்லப் போகிறவர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். கடைசியில் இருப்பது முதலுக்குப் போகும், முதலில் இருப்பது கடைசிக்கு வரும், ‘ஷிமத்தா’வுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு விதமாகச் சமாளிப்பார்கள். தமிழில் ஒரு சொல்லையும் நகர்த்த வேண்டாம். சுக்கி தா என்றால் பிடிக்கும். தொ என்றால் என்று. இத்தெ, சொல்லி. ஷிமத்தா, விட்டேன். ‘பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன்.’ வாயிலிருந்து வந்துவிட்டது, இனித் திரும்ப வாங்க முடியாது என்ற தவிப்பு நம் ‘விட்டேன்’ என்ற சொல்லில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அப்படியே அவர்களுடைய ‘ஷிமத்தா’விலும் இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜப்பானிய மோகம் புதிதல்ல. 1977இல் தொடங்கிய போன் ஒடோரி என்ற ஜப்பானிய நடன விழாவுக்கு இன்று ஷா ஆலத்தில் பல்லாயிரம் பேர் திரளுகிறார்கள். 2002 முதல் காமிக் ஃபியஸ்டா என்ற படக்கதை, அசைபட ரசிகர் விழா நடக்கிறது. அந்தக் கூட்டங்களில் நம் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலர் படம் பார்ப்பதோடு நிற்காமல், கதை விளையாட்டுகளை ஜப்பானிய மொழியிலேயே விளையாடி மொழியைக் கற்கப் பார்க்கிறார்கள். வீட்டில் இதற்குக் கிடைக்கும் பெயர் ‘கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது’ என்பதுதான். என் கருத்து வேறு. இந்த விளையாட்டுகள், ஓர் அளவுக்கு அடிப்படை தெரிந்தவருக்கு, நல்ல வாசிப்பு நூல்கள். நம் பிள்ளைகள் செய்யும் தவறு விளையாடுவதில் இல்லை. வீட்டில் தமிழை வைத்துக்கொண்டு, ஜப்பானிய மொழிக்கு ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போகிறார்களே, அதில் இருக்கிறது.

விளையாட்டு என்றதும் ஓட்டமும் சுடுதலும் நினைவுக்கு வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். இவற்றில் ஓட ஒன்றும் இல்லை. படமும் குரலும் சேர்ந்த நாவல் என்று சொல்லலாம். வாசகர் வரி வரியாகத் தட்டிப் படித்துக்கொண்டு போவார். எப்போதாவது இரண்டு மூன்று பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். கோனாமி நிறுவனத்தின் ‘தோகிமெகி மெமோரியல்’ என்ற காதல் விளையாட்டு 1994இல் வந்தது. அதே ஆண்டில் கோயெய் நிறுவனத்தின் பெண்கள் குழு ஒன்று, பெண்களுக்காகவே ‘ஆஞ்செலிக்’ என்ற காதல் விளையாட்டை உருவாக்கியது. 2004இல் வந்த ‘கிளன்னாட்’ பள்ளிக் காதலில் தொடங்கிக் குடும்பம், தகப்பன், பிள்ளை என்று நீளும் கதை. ‘கிளன்னாட்’ போன்ற கதைகளைப் படித்து முடிக்கப் பல பத்து மணி நேரம் ஆகும். கடையில் வாங்கும் பாடநூல் ஒன்றில் இருக்கும் உரையாடல்களை எல்லாம் சேர்த்தாலும் இதில் ஒரு கிளைக்குக் காணாது.

மொழி கற்பதற்கு இதில் என்ன வசதி? முதலாவது, வேகம் படிப்பவர் கையில் இருக்கிறது. திரைப்படத்தில் வசனம் ஓடிவிடும். இங்கே ஒரு வரி, தட்டும் வரை காத்திருக்கும். பல விளையாட்டுகளில் பாத்திரங்களின் வசனம் குரலிலும் வரும். கடந்துபோன வரிகளைப் பட்டியலாகத் திருப்பிப் பார்க்கலாம். குரலோடு வந்த வரியின் பக்கத்தில் பெரும்பாலும் ஒலிபெருக்கிக் குறி இருக்கும். அதைத் தொட்டால் அந்த வரியை மட்டும் நடிகர் மறுபடி பேசுவார். இருபது முறை தொட்டாலும் அலுத்துக்கொள்ளாத ஆசிரியர். கணினியில் விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு வசதி: திரையில் ஓடும் எழுத்தைப் பிரித்தெடுத்து அகராதியோடு இணைக்கும் செயலிகள் இருக்கின்றன. பிடிபடாத சொல்லை அட்டையாக மாற்றி, மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் காட்டும் ‘அங்கி’ என்ற செயலியை 2006இல் உருவாக்கியவரே ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தவர்தான்.

ஆனால் காதல் கதை ஏன்? வாள்வீச்சுக் கதையில் வரும் சொற்களை வைத்துக்கொண்டு யாரிடமும் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. காதல் கதையில் நடப்பதெல்லாம் பேச்சு. பள்ளி, மதிய உணவு, மழை, ரயில், கோபம், மன்னிப்பு, நாளைக்கு வருவாயா, ஏன் வரவில்லை. ஒரே பெண்ணைச் சுற்றிப் பல மணி நேரம் கதை நகர்வதால் அவளுடைய பேச்சு முறையும் அவளுக்குப் பிடித்த சொற்களும் திரும்பத் திரும்ப வந்து மனத்தில் தங்கிவிடும். நேஷன் என்ற மொழியியலாளர் சக ஆய்வாளர் ஒருவரோடு 2000இல் வெளியிட்ட ஆய்வு, அகராதி இல்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்றது. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். கண்டிப்பான கணக்குதான். இதனால்தான் எழுத்து தெரியாமல் முதல் நாளே விளையாட்டைத் திறக்கிறவர் வாரத்துக்குள் மூடிவிடுகிறார். ஹிராகானா, கத்தகானா இரண்டும் பழகி, அடிப்படை இலக்கணத்தை முடித்து, ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில், கீழிருந்து இரண்டாம் படியான என்4 அளவை எட்டியவருக்கே இது பயன்படும். எட்டியவருக்கு, ஒரே வட்டத்துச் சொற்கள் சுழலும் காதல் கதை அந்த 98ஐ மற்றக் கதைகளைவிட விரைவில் கொண்டுவந்து தரும்.

இனி தமிழுக்கு வருவோம். ‘தபெத்தெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்பது கண்ணால் பார்க்கும் அதே பார். சாப்பாட்டைக் கண்ணால் பார்க்கச் சொல்லவில்லை என்று தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘கத்தெ ஒகு’, வாங்கி வை. ‘மொத்தெ குரு’, கொண்டு வா. ‘மொத்தெ இகு’, கொண்டு போ. ‘கினோ அத்தா ஹித்தொ’ என்றால் நேற்றுச் சந்தித்த ஆள். நம்முடைய பெயரெச்சம் அப்படியே. ‘தாரெ மொ இனாய்’, யாரும் இல்லை. ‘தாரெ கா’ என்றால் யாரோ. ‘வதஷி நி வா வகரனாய்’, எனக்குப் புரியவில்லை. புரிவது ‘எனக்கு’த்தான், ஆங்கிலத்தில் உள்ளதுபோல நான் போய்ப் புரிந்துகொள்வதில்லை. ஆங்கில வழிப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கி, பயிற்சி கொடுத்து, விதிவிலக்கு சொல்லிக் கற்பிப்பதை எல்லாம் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதிலேயே முடித்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சுட்டுச் சொற்கள். ஜப்பானிய மொழியில் கொரே, சொரே, அரே, தொரே என்று நான்கு. கொரே என் பக்கத்தில் இருப்பது, சொரே உன் பக்கத்தில் இருப்பது, அரே இருவருக்கும் தூரத்தில் இருப்பது, தொரே கேள்வி. இது, அது என்று இரண்டே வைத்திருப்பவர்கள் நடுவில் உள்ள ‘சொரே’யில் தடுக்கி விழுவார்கள். நமக்கு அ, இ, உ என்று மூன்று சுட்டு இருப்பதைப் பள்ளியில் படித்தோம். உகரச் சுட்டு செத்துப்போனது என்றும் நினைத்துக்கொண்டோம். யாழ்ப்பாணத் தமிழில் அது சாகவில்லை. ‘உது என்ன?’ என்று கேட்டால், கேட்கப்படுகிறவரின் கைப்பக்கம் இருக்கும் பொருள். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை செய்ய வந்த யாழ்ப்பாணத்தார் குடியேறி, ஸ்காட் சாலையில் கந்தசாமி கோயில் எழுப்பிய பிரிக்பீல்ட்ஸில் இந்த உதுவைக் காதால் கேட்ட குடும்பங்கள் இருக்கும். ஜப்பானிய வகுப்பில் அரை மணி நேரப் பாடம், அந்த வீட்டுப் பாட்டியின் ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

காதல் கதைக்கே உரிய ஒன்றும் உண்டு. இந்த விளையாட்டுகளில் பெரிய திருப்பம் பல நேரம் ஓர் அழைப்பில் நடக்கும். குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒரு நாள் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவான். அவள் முகம் சிவக்கும். பின்னணி இசை மாறும். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அந்த மாற்றத்தின் கனம் எளிதில் புரியாது, அந்த மொழியில் அந்நியருக்கும் நெருங்கியவருக்கும் ஒரே ‘யூ’தான். ‘வாங்க, போங்க’ என்று இருந்தது ‘வா, போ’ ஆகும் கணம் எது என்பது தமிழருக்குத் தெரியாதா? நம் திரைப்படங்களில் பாதிக் காதல் அந்த ஒருமைக்கு மாறுவதில்தானே உறுதியாகிறது.

இந்த ஒற்றுமையைக் கண்டு ஒரேயடியாகத் துள்ளவும் வேண்டாம். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழியின் வேர் தமிழில் இருக்கிறது என்று பல ஆண்டுகள் வாதிட்டார். யாழ்ப்பாணப் பேராசிரியர்கள் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் அவரோடு பணியாற்றினார்கள். உலக மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. மேடைகளில் இது இன்னும் நிரூபிக்கப்பட்ட உண்மையாக முழங்குவதை நிறுத்துவது நல்லது. வினையைக் கடைசியில் வைப்பதும் ஒட்டுகளைச் சேர்ப்பதும் கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும்கூட உண்டு. கற்பவருக்கு இரத்த உறவு தேவையில்லை. வீட்டு அமைப்பு ஒன்றாக இருந்தால் இருட்டிலும் சமையலறைக்குப் போய்விடலாம். வேறுபடும் இடங்களும் இருக்கின்றன. சொன்னேன், சொன்னான், சொன்னாள் என்று நம் வினை ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஜப்பானிய வினை காட்டாது. ‘ஷிமத்தா’ விட்டேனா, விட்டானா, விட்டாளா என்பதை இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுவாயோடு சேரும் ‘வா’ (wa), ‘கா’ (ga) என்ற இரண்டு ஒட்டுகளில் எது எங்கே வரும் என்பதற்குத் தமிழில் கைவிளக்கு இல்லை. எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: சீன எழுத்திலிருந்து வந்த கான்ஜியில், பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்திருக்கும் எழுத்துகள் மட்டும் 2,136.

அங்கேதான் நம் நாட்டுக்கே உரிய ஒரு காட்சி தெரிகிறது. சீனப் பள்ளியில் படித்த மாணவர் ஜப்பானிய வகுப்புக்குள் நுழையும்போதே கான்ஜி தனக்குப் பாதி தெரியும் என்ற தெம்போடு நுழைகிறார். ஆசிரியருக்கும் அது தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். தமிழ் மாணவர் கையில் இலக்கணம் முக்கால்வாசி இருக்கிறது. அவருக்கே அது தெரியாது. மலாயும் ஆங்கிலமும் வினையை நடுவில் வைக்கும் மொழிகள். வகுப்பும் நூலும் அவற்றில் ஒன்றில் நடப்பதால், தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார். ஆங்கிலம் பேசுவோருக்கு ஜப்பானிய மொழி கற்பிக்க 2,200 மணி நேர வகுப்பு வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் கணக்கிட்டிருக்கிறது. நம் பிள்ளைகளும் அதையே தங்கள் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். சீனப் பள்ளிகளில் படிக்கும் இந்தியப் பிள்ளைகள் இன்று கணிசம். அவர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர் ஒருவர் ஜப்பானிய மொழிக்குப் போனால், எழுத்தும் இலக்கணமும் இரண்டு கையிலும் இருக்கும். மலேசியாவைத் தவிர வேறெங்கும் இப்படியொரு மாணவரைப் பார்ப்பது அரிது.

எதிர்ப்புகளுக்கு வருவோம். முதல் எதிர்ப்பு பெற்றோருடையது: இவை ஆபாசம். பாதி உண்மை. இந்த வகையில் வயது வந்தோருக்கு மட்டுமான ஒரு பெரிய சந்தை கணினியில் தொடக்கத்திலிருந்தே உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. ‘கிளன்னாட்’ போன்றவை எல்லா வயதினருக்கும் என்றே வந்தவை. ஜப்பானில் 2002இல் அமைந்த செரோ என்ற அமைப்பு, விளையாட்டுச் சாதனங்களுக்கு வரும் விளையாட்டுகளின் உறையில் வயது எழுத்து போடுகிறது: ஏ என்றால் எல்லாருக்கும், இசட் என்றால் பதினெட்டுக்கு மேல். அந்த ஓர் எழுத்தைப் பார்ப்பது பெற்றோர் வேலை. புத்தகக் கடையில் ஆபாச நூலும் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை நாவலே படிக்காதே என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு ஆசிரியர்களுடையது, இன்னும் கனமானது: விளையாட்டில் வரும் பேச்சு நிஜப் பேச்சு இல்லை. ஒசாகா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கின்சுய் சதோஷி இதற்கு ‘யகுவரிகோ’ என்று பெயரிட்டு 2003இல் நூலே எழுதினார். பாத்திரப் பேச்சு என்று சொல்லலாம். கதைக் கிழவர் கிழவராகப் பேசுவார், பணக்கார வீட்டுப் பெண் அதற்கென்று உள்ள இழுப்போடு பேசுவாள். தெருவில் அப்படி யாரும் பேசுவதில்லை. சாமுராய் காலத்தில் நடக்கும் ‘ஹகுவோகி’ என்ற காதல் விளையாட்டில் படித்ததைத் தொழிற்சாலை மேலாளரிடம் சொன்னால் சிரிப்பார். ஆனால் எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று, திரைப்படக் கிராமத்துத் தமிழ் வேறொன்று என்று பிறந்தது முதல் பிரித்துப் பார்த்து வளர்ந்த சமூகம் இதற்கு அஞ்சலாமா? 1998இல் ‘முத்து’ ஜப்பானில் வெளியாகி ஓடு ஓடென்று ஓடியபோது, ரஜினிக்காகவே தமிழ்ப் பக்கம் திரும்பிய ஜப்பானியர்கள் உண்டு. பண்ணையார் வீட்டு வசனத்தை ஒப்பித்த அவர்களைப் பார்த்து நாம் பூரித்தோம்; இது தமிழே இல்லை என்று திருப்பி அனுப்பவில்லை. ஜப்பான் அறக்கட்டளையே 2010இல் படக்கதைகள், அசைபடங்களின் மொழியைக் கற்பிக்கும் இணையத்தளம் ஒன்றைத் தொடங்கியது. அதில் சாமுராய், நிஞ்சா, பள்ளியோடு காதலும் ஒரு பிரிவு. யார் யாரிடம் இப்படிப் பேசுவார்கள் என்ற குறிப்போடு கொடுத்தால் பாத்திரப் பேச்சும் பாடம்தான் என்பது அவர்களுடைய முடிவு.

மூன்றாவது எதிர்ப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஏனென்றால் அது சரி. விளையாட்டு வாயைத் திறக்க வைக்காது. கனடாவில் பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகள் கேட்டால் நன்றாகப் புரிந்துகொண்டார்கள், பேச்சிலும் எழுத்திலும் தடுமாறினார்கள் என்பதைக் கண்டு, மொழியைத் தானே உருவாக்கிப் பேச வைத்தால்தான் அது நிலைக்கும் என்று மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் வாதிட்டார். காதல் விளையாட்டில் மூன்று பதில்களில் ஒன்றைத் தொடுவது பேச்சாகாது. ஜே.எல்.பி.டி. தேர்விலும் பேச்சுப் பகுதி கிடையாது. ஆகவே விளையாடியே சான்றிதழ் வாங்கிவிட்டு நேர்காணலில் வாயடைத்து நிற்பது நடக்கக்கூடியதுதான். அலுவலக மரியாதைப் பேச்சு பள்ளிக் காதலில் வருவது சொற்பம். விளையாட்டை வகுப்புக்குப் பதிலாக வைக்கச் சொல்லும் யாரையும் நம்ப வேண்டாம். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபின் படிக்க வேறு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அது விடை, அவ்வளவுதான்.

‘முதலில் தமிழைப் படிக்கட்டும்’ என்பது நான்காவது குரல். அந்தக் குரலுக்குத்தான் இந்தக் கட்டுரையே சாதகம்: தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் இந்த வழி திறக்கும். இந்த மண்ணில் தமிழ்ப் பிள்ளைகள் ஜப்பானிய மொழியைத் தொடுவது முதல்முறையல்ல. ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரை தமிழ்ப் பள்ளிகளிலும் நிப்போன்-கோ பாடமாக நுழைந்தது. அதே ஆட்சி நம்மவர்களைச் சயாம் மரண ரயிலுக்கு வாரிக்கொண்டு போனதால், அந்தத் தலைமுறைக்கு அது கசப்பான மொழி. 1982இல் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தபின் வேலைக்கும் மேற்படிப்புக்கும் உரிய மொழியாக அது திரும்பி வந்தது. ஜப்பானுக்குப் போகும் மாணவர்களைத் தயார்ப்படுத்த மலாயா பல்கலைக்கழகத்தில் அம்பாங் அசுஹான் ஜெப்புன் அந்த ஆண்டே தொடங்கியது. 2024 செப்டம்பரில் சுகுபா பல்கலைக்கழகம் மலாயா பல்கலைக்கழக வளாகத்திலேயே கிளை திறந்தது. ஷா ஆலத்தில் பானாசோனிக் 1960களிலிருந்து இருக்கிறது. இத்தனை இருந்தும், தமிழ் தெரிந்த ஒருவர் தமிழிலிருந்தே ஜப்பானிய வாக்கியத்துக்குள் போக ஒரு வழிகாட்டி நம் கடைகளில் எளிதில் கைக்குக் கிடைப்பதில்லை.

இந்த நாற்பது ஆண்டுகளில் ஜப்பானில் படித்துவிட்டு, ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு, கிள்ளானிலும் சுபாங்கிலும் பூச்சோங்கிலும் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய நூல் வேண்டாம். ஐம்பது பக்கத்தில், எச்சம், சுட்டு, வேற்றுமை, மரியாதை என்று நம் இலக்கணப் பெயர்களை வைத்தே, இந்த விளையாட்டுகளில் வரும் மாதிரி நூறு வாக்கியங்களைத் தமிழில் பிரித்துக் காட்டி ஒரு சிறு கையேடு எழுதுங்கள். தமிழ் எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும் என்று இரண்டையும் சொல்லுங்கள். முதல் வாக்கியமாக அந்த மொட்டைமாடிப் பையன் சொன்னதையே வைத்துக்கொள்ளலாம்.